கிட்டங்கிப் பள்ளியின் சுருதிப் பெட்டி

என்னைத் தூக்கி வளர்த்த இந்திராணி அக்காவுக்கு,

உன் தம்பி முருகேசன் எழுதுகிறேன். ரிப்பேருக்கு வருகிற மோட்டாரின் முதுகில் சாக்பீஸால் ஆள் பேர் எழுதுவதைத் தவிர வேறு எழுத்து வேலையே அறியாதவன் கடிதம் எழுதுகிறானே என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரித்துக்கொள். முழுக்கப் படித்த பிறகும் சிரிப்பாயா என்பதுதான் தெரியவில்லை.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உன் படத்துக்கு முன்னால் நின்று மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். அப்படிப் பேசும்போது எனக்குத் தோதானதை மட்டும் சொல்லிவிட்டு நைசாக நகர்ந்துவிடுகிறேன். "எழுதுங்க, அப்பத்தான் தப்பிக்க முடியாது" என்று வேணி நோட்டைக் கையில் கொடுத்துவிட்டாள். என் பெண்டாட்டி என்னை நன்றாகத்தான் படித்து வைத்திருக்கிறாள்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி நன்றாக நடக்கிறது, அக்கா. நீ இருந்தபோது இருந்ததைவிடக் கூட்டம் என்றுகூடச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. வடுகபட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு காலையில் செருப்பு விட இடமில்லாமல் வாசலே செருப்புக் கடை மாதிரி கிடக்கிறது. மிருதங்கம் அழகர்சாமி சார் தலைக்கு மை பூச ஆரம்பித்திருக்கிறார். நீ இருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

இன்னொரு பெரிய சேதி. நம் பள்ளியில் டிப்ளமோ வகுப்பு நடத்த இசைப் பல்கலைக்கழகம் அனுமதி கொடுக்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. ஆட்கள் வந்து பார்த்தார்கள். வாய்ப்பாட்டுக்குப் பட்டம் படித்த ஒருவர் தலைமை ஆசிரியராக இருக்க வேண்டும், பள்ளியின் வரலாற்றையும் புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் விவரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இது கிடைத்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தாவது முடித்ததும் "மதுரைக்கெல்லாம் பொட்டப் பிள்ளைய அனுப்ப மாட்டோம் டீச்சர்" என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள்? எத்தனை பிள்ளைகளுக்காக நீ வீடு வீடாகப் போய்க் கெஞ்சியிருப்பாய்? இனி அந்தப் பிள்ளைகள் நம் ஓடைப்பட்டியிலேயே படிக்கலாம். கிடைக்காவிட்டால் பழைய கதைதான்.

வரலாறு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. "ஆரம்பத்துலருந்து கூட இருந்தவரு நீங்கதாண்ணே, ஒங்களுக்குத் தெரியாததா?" என்று அழகர்சாமி சார் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் தெரியாது என்கிற வார்த்தையே தெரியாதவன் ஆயிற்றே.

எழுத உட்கார்ந்தால் தேதி ஒன்றும் நினைவில் இல்லை. என் மூத்தவள் பிறந்த ஆவணியில் நீ கிட்டங்கிச் சாவியை வாங்கினாய், அதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. சின்னமனூர்ப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை இனிமேல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீ ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாய். எட்டாவது நாள் எழுந்து, குளித்து, திராட்சைப் பெட்டி அடுக்குகிற கிட்டங்கி ஒன்று சும்மா கிடக்கிறதே, அதைக் கேட்டுப் பார் என்றாய். அந்த வியாபாரி நல்ல மனுசன். "பாட்டுத்தான? பாடிக்கங்க ஆத்தா" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

நாலு பேரோடு ஆரம்பித்தோம். சுவரெல்லாம் அழுகின திராட்சை வாடை. சுண்ணாம்பு இரண்டு தடவை அடித்தும் போகவில்லை. அந்த வாடைக்குக் குளவி வரும், பிள்ளைகள் அலறும், ஸரிகம சிதறி ஓடும். பெரிய பேரெல்லாம் வைத்துப் பலகை மாட்டினாய். ஊர் அதைப் படித்ததே இல்லை. கிட்டங்கிப் பள்ளி என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். பஸ்ஸில் டிக்கெட்கூட அந்தப் பேரில்தான் கேட்கிறார்கள்.

நம் பள்ளியின் வழக்கத்தையும் எழுதினேன். புதிதாகச் சேர்கிற பிள்ளை முதல் ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது. உன் சுருதிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து துருத்தியை அமுக்கிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேறு எந்தப் பள்ளியிலும் இப்படி இல்லை. ஒரு தடவை ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

"என்னா டீச்சர், பிள்ள ஒரு மாசமா பெட்டியவே அமுக்கிட்டு வருது. இது என்ன ஈயம் பூசுற பட்டறையா? எப்பத்தான் பாடும்?"

"காது மொதல்ல படிக்கட்டும் ஆத்தா. வாய் எங்கிட்டும் ஓடிப் போயிறாது."

இதை அப்படியே எழுதி வைத்துவிட்டேன். பல்கலைக்கழகத்துக்காரர்கள் படிக்கட்டும்.

பிறகு முன்னாள் மாணவர்கள். புகழ்பெற்றவர் என்றால் யார் என்று எனக்குக் குழப்பம். பாட்டை விடாதவர்கள்தான் பெரிய ஆள் என்று நீ சொல்வாயே, அதையே வைத்துக்கொண்டேன். சென்னையில் பாட்டுப் பதிவுகளுக்கு வயலின் வாசிக்கிற மாரிச்சாமியைப் போட்டேன். குமுளியில் சர்ச்சில் நாற்பது பேர் பாடுகிற குழுவை நடத்துகிற லீனாவைப் போட்டேன். கம்பம் பஸ் ஓட்டிக்கொண்டே திருவிழாவுக்குத் திருவிழா கச்சேரி பண்ணுகிற சுருளிப்பட்டிப் பாண்டியையும் போட்டேன். பஸ் டிரைவரைப் போடலாமா என்று அழகர்சாமி சார் தயங்கினார். "அவன் பாட்டக் கேட்டுட்டு வந்து பேசுங்க சார்" என்று சொன்னேன். போட்டுக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்.

ஒவ்வொருவரிடமும் போனில் பேசினேன். டீச்சரைப் பற்றி ஒன்று சொல்லுங்கள் என்றால், சொல்லி வைத்தாற்போல எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்.

"அண்ணே, டீச்சர் எங்கட சுருதிய அவுக சொல்லவே மாட்டாக. எங்ககிட்டத்தான் கேப்பாக. 'ஏய், சேந்திருக்கா?'ன்னு கேப்பாக. நாங்க சேந்திருக்கு டீச்சர்னு சொன்னாத்தான் அடுத்தது" என்றாள் லீனா, குமுளி மலையாளம் கலந்து. "அதுகொண்டுதான் நான் எவிடப் போனாலும் எங் காத நானே நம்புறேன். மத்த டீச்சருங்க எல்லாம் பிள்ளைக வாயத்தான் பாப்பாக. இவுக எங்க காத வளத்தாக."

மாரிச்சாமியும் அதையே சொன்னான். பாண்டியும் அதையே சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்க அக்கா எப்பேர்ப்பட்ட வாத்தியார் என்று வேணியிடம் அரை நாள் அளந்தேன். நீ ஏன் அப்படிக் கேட்டாய் என்று அப்போது எனக்குத் தெரியாது.

போனை வைக்கிற நேரத்தில் பாண்டி ஒன்று சொன்னான். "தலைமை ஆசிரியருக்கு ஏண்ணே ஊரெல்லாம் தேடுறீக? நம்ம ஜெயக்கொடி அக்கா எங்கூர்லதான இருக்கு. அம்மாவப் பாக்க ஆளில்லேன்னு பாட்டுக் காலேஜு வேலைய விட்டுட்டு வந்துருச்சு. இப்பத் தோட்டத்துல கெடக்கு. அதக் கேக்கலியா?"

பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜெயக்கொடி என்றதும் உனக்கும் முகம் மாறியிருக்கும். நம் பள்ளியில் படித்த பிள்ளைகளிலேயே பெரிய குரல் அவள் குரல். நீ பேரை அடித்துத் துரத்திவிட்ட ஒரே பிள்ளையும் அவள்தான். அதனால்தான் யாரும் அவள் பேரை எடுப்பதில்லை. உன் மனசுக்கு விரோதமாகப் போகக் கூடாது என்று பயம்.

ஆனாலும் வரலாறு எழுதுகிறவன் என்கிற திமிரில் பழைய சேர்க்கை ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். அவள் பேருக்கு மேல் சிவப்பு மையில் கோடு. பேனா முனை பேப்பரைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி அடித்திருக்கிறாய். அதற்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் பொடிப் பொடியாக உன் எழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன்.

"முருகேசன் பெட்டி சரி என்கிறான். அவன் என்னிடம் பொய் சொல்ல மாட்டான். அப்படியென்றால் பிள்ளை சுருதி விலகியது எனக்குக் கேட்கவில்லை, கோளாறு என் காதில்."

அக்கா, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழகர்சாமி சார் ஓடி வந்து ஃபேனைப் போட்டார். மாரடைப்பு என்று நினைத்துவிட்டாராம்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ அவள் பேரை அடித்ததற்கு முந்தின ஐப்பசி மழையில் கிட்டங்கி ஒழுகியது நினைவிருக்கிறதா? பெட்டியில் ஈரம் இறங்கி, உள்ளே இருக்கிற மூன்று ரீடில் ஒன்று கரகர என்றது. மதுரைக்கு எடுத்துப்போய் ரிப்பேர் பார்த்து வா என்று நீ என்னிடம் கொடுத்தாய். நான் மதுரைக்குப் போகவில்லை. ஊர் மோட்டாரையெல்லாம் பிரித்துப் போடுகிறவனுக்கு இந்த மரப்பெட்டி எம்மாத்திரம் என்று என் கடையிலேயே பிரித்தேன். ரீடு என்பது ஒரு சின்னப் பித்தளைத் தகடு, அவ்வளவுதானே. பச்சை பிடித்திருந்தது. ஷேவிங் பிளேடை வைத்து, ஆணி அடித்திருக்கிற அடிப்பக்கமாகப் பார்த்து, சுரண்டிவிட்டேன்.

கரகரப்பு போய்விட்டது. ஆனால் அந்த ஒன்று மற்ற இரண்டோடு சேராமல் நின்றது. பார்த்தேன். அந்த இரண்டையும் சுரண்டினேன். மூன்றும் ஒன்றாகச் சேர்கிற வரைக்கும் மாற்றி மாற்றிச் சுரண்டினேன். சேர்ந்ததும் எனக்கு என்ன பெருமை! மதுரையில் சரிபண்ணிவிட்டேன் என்று உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தேன். நீ அமுக்கிப் பார்த்துவிட்டு, கரகரப்பு இல்லை, நல்லாருக்கு என்றாய்.

அடுத்த தையில்தான் ஜெயக்கொடி மதுரைக்குப் போட்டிக்குப் போனாள். போகும்போது கம்பம் பள்ளத்தாக்கே அவள் பின்னால் போன மாதிரி இருந்தது. திரும்பி வந்தவள் முகத்தில் ரத்தமில்லை. சுருதி சேரவில்லை என்று முதல் சுற்றிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது வந்து சொன்னாள்.

"டீச்சர், நம்ம பெட்டி எறங்கிருக்கு. அங்கன அஞ்சு கட்டைச் சுருதி வேற மாதிரி இருக்கு. நான் நம்ம எடத்துலயே நின்னுட்டேன்."

நீ எழுந்தாய். "நீ தோத்துட்டு வந்து எம் பெட்டியக் கொற சொல்றியா? எனக்குத் தெரியாத சுருதி ஒனக்குத் தெரிஞ்சிருச்சோ?"

அவள் பின்வாங்கவில்லை. எறங்கித்தான் இருக்கு டீச்சர் என்று மறுபடியும் சொன்னாள். நான் ஏணியில் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தேன். நீ அண்ணாந்து என்னைப் பார்த்தாய்.

"ஏலே முருகேசா, பெட்டிய ரிப்பேர் பாத்துட்டு வந்தது நீதான? ஏதும் கோளாறு இருக்கா?"

அந்த நிமிஷம் பிளேடு கண் முன்னால் வந்தது. சுருதி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான், ஆனால் கை வைத்த எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை.

"பெட்டி கல்லுக் கணக்கா இருக்குக்கா" என்று சொன்னேன்.

அவ்வளவுதான். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். நீ ரிஜிஸ்டரை எடுத்தாய்.

மறுவருடம் மாசித் திருவிழாவில் நீ பாடவில்லை. தொண்டை சரியில்லை என்றாய். அதற்கடுத்த வருடமும் தொண்டை. பிறகு ஊர் கேட்பதையே விட்டுவிட்டது. வயசாகிவிட்டது, சொல்லிக் கொடுப்பதே போதும் என்று நினைத்துவிட்டாய் என்று நானும் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பிள்ளைகள் வந்து உன் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்களே, எப்படி இருக்கு டீச்சர் என்று கேட்டதற்கு, "எனக்கு என்னத்தத் தெரியும், எங் காது போயி எத்தனையோ வருசமாச்சு" என்றாய். தாழ்மையாகச் சொல்கிறாய் என்று எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். நானும்தான் துடைத்துக்கொண்டேன், பாவி.

ரிஜிஸ்டரைப் பார்த்த மறுநாள் காலையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். இருபத்தைந்து வருடம் முன்னால் ஏறியிருக்க வேண்டிய பஸ். ஆர்மோனியம் ரிப்பேர் பார்க்கிற ஒரு பெரியவர் மூடியைக் கழற்றினார். பார்த்த உடனே நெற்றியைச் சுருக்கினார்.

"எந்தப் புண்ணியவானண்ணே இதப் பிளேட வச்சுச் சொரண்டுனது? நுனியச் சொரண்டுனா ஏறும், அடியச் சொரண்டுனா எறங்கும். அடிய இந்தச் சொரண்டு சொரண்டி வச்சிருக்கான்."

"நாந்தான்" என்றேன். என் வாயால் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு துருத்தியை அமுக்கிக் கேட்டார். ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை கீழே, மூன்றும் ஒன்றுபோல இறங்கியிருக்கிறது என்றார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இதை வைத்துப் பாடுகிறவருக்கு இது தெரியாமல் போகுமா, தெரியவில்லை என்றால் காது கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

"அதெப்படிண்ணே? ஒண்ணு மட்டும் எறங்கிருந்தா நல்ல காது ஒடனே பிடிச்சிரும். மூணும் சேந்து எறங்குனா, நல்ல காது அதோட சேந்துதான் நிக்கும். வேற பெட்டியோட பாடுனாத்தான் வித்தியாசம் தெரியும். இத இத்தன வருசம் வச்சு, இதோடயே சுத்தமாச் சேந்து பாடிருக்காகன்னா, அது தங்கமான காது."

கேட்டாயா அக்கா? எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவர் கடை டீயை வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நீ வெளிக் கச்சேரியை விட்டுவிட்டாய், வேறு பெட்டியோடு பாடவே இல்லை. பிற்பாடு கரண்டில் ஓடுகிற சுருதிப் பெட்டி வந்தபோதும், பிள்ளைகள் அதன் குமிழைத் திருகி உன் பெட்டியோடு சேர்த்துவிட்டுத்தான் பாடினார்கள். உனக்கு எப்படித் தெரியும்?

மதுரையிலிருந்து வந்த மறுநாளே சுருளிப்பட்டிக்குப் போனேன். ஜெயக்கொடி திராட்சைப் பந்தலுக்குக் கீழே கொடியை நறுக்கிக் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு, கையில் கத்தரி. காதோரம் நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்கண்ணே. டீச்சர் எறந்தப்ப வரணும்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். பெறகு திரும்பிட்டேன். இம்புட்டு தூரம் வந்துருக்கீக, என்ன விசயம்?"

எனக்கு உயரம் அதிகமா, பந்தலுக்குக் கீழே நிமிர முடியவில்லை. கொடி தலையில் இடிக்க, குனிந்தபடியேதான் எல்லாவற்றையும் சொன்னேன். பிளேடு, ஏணி, நான் சொன்ன பொய், ரிஜிஸ்டரில் நீ எழுதியிருந்தது, மதுரைப் பெரியவர் சொன்னது. அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"இருபத்தஞ்சு வருசம்ணே."

"ஆமா ஆத்தா."

"என்னிய விடுங்க. நான் எப்படியோ படிச்சு மேல வந்துட்டேன். அது எப்படித் தெரியுமா? ரெண்டு வருசம் கழிச்சு டீச்சர் எனக்கு ஒரு கார்டு போட்டாக. 'நீ சொன்னது சரியாக இருக்கலாம். என் காது முன்னைப்போல இல்லை. நீ பாட்டை விட்டுவிடாதே'ன்னு எழுதிருந்தாக. அந்தக் கார்டாலதான் நான் மறுபடி பாடுனேன். ஆனா அதுக்குப் பெறகு அவுக மூஞ்சில முழிக்கவே எனக்குச் சங்கடமாப் போச்சு. காது போன டீச்சர் முன்னால போயிப் பாடி, அவுகள இன்னும் நோகடிக்கணுமான்னு இருந்துட்டேன்." அவள் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவுக காது நல்ல காதுன்னு அவுக உசிரோட இருக்கயிலே ஒரு ஆளு சொல்லிருக்கலாமேண்ணே. நீங்க ஒருத்தர்தான சொல்லிருக்க முடியும்?"

நின்றேன். அவள் திட்டினாள். நல்லா வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவள் அம்மா வீட்டுக்குள்ளிருந்து யாருடி அங்கன என்று குரல் கொடுக்கிற வரைக்கும் திட்டினாள். எனக்கு அது வேண்டியிருந்தது, அக்கா. நீ ஊரையே திட்டுவாய், தாயில்லாப் பிள்ளை என்று என்னை மட்டும் ஒரு நாளும் திட்டியதில்லை.

கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகு, பிள்ளைகளிடம் நீ சேந்திருக்கா என்று கேட்டுக் கேட்டுப் பாட வைத்ததையும், அதை மாரிச்சாமியும் லீனாவும் பாண்டியும் எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அவள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"என் காலத்துல அப்படிக் கேட்டதே இல்ல. அவுக சொல்றதுதான் சட்டம். அப்ப, தங் காது போச்சுன்னு நம்பிக்கிட்டு, பிள்ளைக காத வச்சே அத்தன பேரையும் ஆளாக்கிருக்காக." துண்டை உதறிக்கொண்டே, "யாருண்ணே அப்படிச் செய்வாக?" என்றாள்.

அப்போதுதான் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். தலைமை ஆசிரியராக வருவாயா என்று கேட்டேன். உடனே வருகிறேன் என்று சொல்ல அவள் என்ன, சினிமாவிலா இருக்கிறாள்? அம்மாவை யார் பார்ப்பது, தோட்டத்தை யார் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாண்டியின் பஸ்ஸில் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடலாம், பகலில் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு ஆள் இருக்கும் என்று பேசி முடித்தோம். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் வர்றேன். ஆனா, எங்கிட்டத் தனியா வந்து சொன்னா ஆச்சா? அன்னைக்கு எத்தன பேரு முன்னாடி பொய் சொன்னீக? விசயதசமி அன்னைக்குப் பிள்ளைக, பெத்தவுக, பழைய ஆளுக எல்லாரும் வருவாகள்ல. அவுக அம்புட்டுப் பேரு முன்னாடியும் எந்திரிச்சுச் சொல்லணும். எனக்காக இல்ல. டீச்சருக்காக."

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொல்லும்போது சுலபமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஊரில் என் பேர் என்ன? முருகேசன் கை வைத்தால் தப்பாது என்கிற பேர். ஊரையே கூட்டி வைத்து, நான் கை வைத்துத்தான் கெட்டது, நான் பொய்யும் சொன்னேன் என்றால், நாளைக்கு எவன் என்னிடம் மோட்டாரைக் கொண்டுவருவான்? வேணியிடம் கேட்டேன். "எவனும் வராட்டி வீட்டுல இருங்க. சோறு நான் போடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜெயக்கொடி போன திங்கள்கிழமையே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள். பல்கலைக்கழகத்துக்குக் காகிதமெல்லாம் போயாயிற்று. வரலாற்றில் ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதினேன். முன்னாள் மாணவர்கள் வரிசையில் முதல் பேர் ஜெயக்கொடி பேர். அனுமதி இந்த வருடமே கிடைக்கும் போலிருக்கிறது என்று அழகர்சாமி சார் சொல்கிறார். நேற்று அவள் வகுப்பு எடுக்கும்போது வெளியே நின்று கேட்டேன். உன்னை மாதிரியே அதட்டுகிறாள். ஒரு வாண்டு எதிர்த்து ஏதோ சொன்னது. அவள் அதட்டாமல் நின்று, திரும்பச் சொல்லு என்று கேட்டாள். அந்தப் பள்ளி பிழைத்துக்கொள்ளும், அக்கா. உனக்கு இனி அந்தக் கவலை வேண்டாம்.

நாளைக்கு விஜயதசமி. மாரிச்சாமி சென்னையிலிருந்து வந்து இறங்கிவிட்டான். லீனா தன் குழுவில் பாதிப் பேரோடு வருகிறாள். ஒத்திகை மாதிரி இதையெல்லாம் உன்னிடம் சொல்லிப் பார்த்தேன். தவறு. நீ உயிரோடு இருந்தபோதே உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

மன்னித்துவிடு என்று எழுதத்தான் நோட்டை எடுத்தேன். இப்போது அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். நாளைக்கு எல்லாருக்கும் முன்னால் எழுந்து நிற்பேன். நாக்குக் குழறினாலும், அழுகை வந்தாலும், சொல்லி முடிக்காமல் உட்கார மாட்டேன்.

நீ கடைசி வரை சபையில் பாடாமலே இருந்துவிட்டாய். இப்போது எங்கே இருக்கிறாயோ, அங்கே யாருக்கும் பயப்படாமல் வாய் விட்டுப் பாடு. உன் காதுக்கு ஒரு நாளும் ஒரு குறையும் வந்ததில்லை, அக்கா.

உன் பாட்டை நிறுத்தியவன்,
உன் கூடப் பிறந்த தம்பி,
முருகேசன்